சீட்டு எண் 118

ஜூன் 3, இரவு 11.40

மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

உங்கள் இணையதளத்தில் "நான் இடறிய இடங்கள்" பக்கத்துக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் இதை எழுதுகிறேன். பெயர் கேட்கிறது. "விரும்பினால்" என்று பக்கத்திலேயே போட்டிருப்பதால் நான் விரும்பவில்லை. ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் "போர்வை" என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதற்குள்தான் இருக்கிறேன். அப்பாவின் பழைய கைபேசி. வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன்.

மூன்று இரவாக இந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறேன். உங்கள் புத்தகங்களில் தப்புக் கண்டுபிடித்தவர்கள் வரிசையாக வந்து சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எண் கொடுத்து, அந்தத் தப்பு எப்படி நடந்தது என்று நீங்கள் பதில் எழுதுகிறீர்கள். ஒன்றாம் எண்ணில் ஒரு நர்ஸ், "ஆறாம் அத்தியாயத்தில் செருப்பு போட்டுக்கொண்டு போன தபால்காரர் எட்டாம் அத்தியாயத்தில் வெறுங்காலோடு திரும்புகிறார்" என்று கேட்டிருக்கிறார். "செருப்பு என் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. அவரை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று நீங்கள். போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கிரேன் ஓட்டுகிறவர், பல் டாக்டர், எண்பது வயதுக்காரர் ஒருவர் என்று நூற்றுப் பதினேழு பேர். யாருமே திட்டு வாங்கவில்லை. பெரியவர்களிடம் தப்பைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை.

அதனால்தான் தைரியம் வந்தது. அறுபத்து நான்காம் எண்ணுக்கு நீங்கள் சொன்ன பதில் சரியில்லை.

உங்கள் முதல் நாவலில் அப்பா தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். ஒன்பதாம் அத்தியாயத்தில், இரண்டாவது ரீல் ஓடும்போது அவர் மயங்கி விழுகிறார். பதினோரு வயது இளைய மகள் அவரைக் கவனிக்காமல், சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் படம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இடைவேளைக்குச் சாப்பாடு கொண்டு வரும் மூத்தவள்தான் அவரைப் பார்க்கிறாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர், "ஒரு ரீல் பதினெட்டு நிமிஷம்தான். இடைவேளை வரை யார் மாற்றினார்கள்?" என்று கேட்டார். "உதவியாளர் மாற்றியிருப்பார்" என்றீர்கள். ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் உதவியாளர் தன் கல்யாணத்துக்கு லீவில் போகிறார்.

அப்படியென்றால் மாற்றியது யார்?

நான் யார் என்று கேட்காதீர்கள். இந்தப் புத்தகத்தை நான் படிப்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அடிக்கமாட்டாள். அடித்தால் பரவாயில்லை.

போர்வை

*

ஜூன் 5

அன்புள்ள போர்வைக்கு,

சீட்டு எண் 118 உன்னுடையது. அந்த எண்ணைத் தட்டினால் வரும் இந்தப் பதில் இப்போதைக்கு உன் கண்ணுக்கு மட்டும்தான்.

பத்தொன்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். அடுத்தவர்கள் தப்பில் சோறு தின்றவள். அந்தப் பாவத்தைக் கழிக்கத்தான் இந்தப் பக்கம். இப்போது ஊரே என்னைத் திருத்துகிறது, ஜோராக இருக்கிறது. ஆனால் இதுவரை வந்தவர்கள் புத்தகத்தில்தான் தப்புக் கண்டுபிடித்தார்கள். நீ பதிலிலேயே கண்டுபிடித்துவிட்டாய். கை கொடு.

உண்மையைச் சொல்கிறேன். அறுபத்து நான்குக்கு நான் எழுதியது சோம்பேறி பதில். உதவியாளருக்கு லீவு கொடுத்தவளும் நான்தான், தாலி கட்டிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ரீல் மாற்றச் சொன்னவளும் நான்தான். அவர் மனைவி என்னை மன்னிக்கட்டும்.

அந்தக் கதை முழுக்கக் கற்பனை இல்லை. என் அப்பா ஆபரேட்டர். தியேட்டருக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். ஆனால் அப்பா படம் ஓட்டும் அறைக்குள் நான் நின்றது மொத்தமாகப் பத்து நிமிஷம் இருக்காது. "உனக்குப் புத்தகம், சின்னவளுக்கு மிஷின்" என்று அப்பா பிரித்துக் கொடுத்துவிட்டார். அதனால் படம் தானாக ஓடும் என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மாற்றியது யார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. யோசிக்கிறேன்.

என் சட்டம் உனக்குத் தெரியுமல்லவா? வந்த பிழை எதையும் மறைக்கமாட்டேன். முப்பதாம் நாள் பக்கத்தில் ஏற்றிவிடுவேன். உன்னுடையது ஜூலை 3. உன் பெயராகப் "போர்வை" என்று மட்டும் வரும்.

அடித்தால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாய். அது மனதில் உறுத்துகிறது. வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் படி, கண் போய்விடும்.

*

ஜூன் 8, இரவு 11.55

மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

இன்று மத்தியானம் ஒன்று நடந்தது. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா படமே பார்க்கமாட்டாள். திடீரென்று அவள் வலது கை ஆள்காட்டி விரல் எழுந்து முழங்காலில் ஒரு தட்டு தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. அந்த நொடியில் டிவியில் காட்சி மாறியது.

"என்னம்மா அது?" என்றேன்.

"எது?"

"விரலால தட்டினியே."

"கொசு."

"கொசு இல்ல," என்றார் அப்பா. "உங்கம்மாவுக்குப் பழைய படம்னா விரல்ல மோட்டார் ஓடும். கல்யாணம் ஆன புதுசுல நான் பயந்தே போயிட்டேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். அப்பா பஸ் டிரைவர். டயரில் காற்று இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். இன்று அவருக்கு விடுமுறை. பஸ் டிப்போவில் நிற்கிறது.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினெட்டாவது நிமிஷம் டிவியின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டப் புள்ளி வந்து, கண் சிமிட்டுவதற்குள் போனது. அம்மா டிவி பக்கமே பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். விரல் எழுந்தது. ஒரு தட்டு. மனதுக்குள் ஏழு எண்ணினேன். மறுபடியும் புள்ளி. மறுபடியும் தட்டு. எத்தனை வருஷமாக இந்தப் புள்ளிகள் எங்கள் வீட்டு டிவியில் வந்து போயிருக்கும்! நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது எழுதப்போவதை மூன்று தடவை எழுதி அழித்தேன்.

உங்கள் தளத்தில் "எழுதியவரைப் பற்றி" பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. தியேட்டரின் டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே இரண்டு சிறுமிகள். "நானும் தங்கையும்" என்று போட்டிருக்கிறீர்கள். அதில் சின்னவளுக்கு முன்பல் இல்லை. அதே முகத்தைத்தான் தினமும் காலையில் அம்மா தலை வாரிவிடும்போது கண்ணாடியில் எனக்குப் பின்னால் பார்க்கிறேன்.

உங்கள் புத்தகம் எங்கள் அலமாரியின் மேல், அம்மா வேலை செய்யும் கண்ணாடிக் கடையின் லென்ஸ் பெட்டிக்குள், துணி சுற்றி இருந்தது. ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் நிறையத் தடவை விரித்து நைந்து போயிருந்தது.

பெரியம்மா, அந்தப் புத்தகம் வந்ததிலிருந்து ஒன்பது வருஷமாக அம்மா உங்களோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் "பெரியம்மா" என்ற சொல்லே கிடையாது. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அம்மா கோபம் வந்தால் கத்தமாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாள். சொந்த அக்காவோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருக்க முடிந்தவளுக்கு என்னோடு பேசாமல் இருக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அந்த ஒரு பயம்தான்.

*

ஜூன் 10

கண்ணு,

காலையிலிருந்து இந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். "பெரியம்மா" என்ற இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு ஐந்து வயது. என் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு "எல்லாம் தண்ணியா இருக்கு" என்றாய்.

அந்தப் புள்ளியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நேற்று அந்த ஓய்வுபெற்ற ஆபரேட்டருக்கு, அறுபத்து நான்காம் எண்காரருக்கு, எழுதிக் கேட்டேன். ஒரு ரீல் முடியப்போகிறது என்று சொல்ல மூலையில் புள்ளி வருமாம். முதல் புள்ளியில் அடுத்த மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளியில் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். நொடி தப்பினால் திரை வெள்ளையாகிவிடும். "அதனால் ரீல் முடியும் நேரத்தில் ஆபரேட்டர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான், அம்மா. பக்கத்தில் வீடே எரிந்தாலும் எடுக்கமாட்டான்" என்று எழுதியிருக்கிறார்.

அப்பா விழுந்த அன்று நான் உள்ளே போனபோது உன் அம்மா ஜன்னலில் கண்ணை வைத்து நின்றிருந்தாள். முகத்தில் படத்தின் வெளிச்சம். காலடியில் அப்பா. நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. "இவ படம் பாத்துக்கிட்டு இருந்தா" என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னேன். பிறகு புத்தகமாகவும் சொன்னேன். எழுபதாயிரம் பேர் அதைப் படித்திருக்கிறார்கள்.

உன்னை வைத்து உன் அம்மாவிடம் எதையும் கேட்கக் கூடாது என்று இருக்கிறேன். நீயும் கேட்காதே. தூங்கு. இனிமேல் எழுத வேண்டாம்.

இல்லை. எழுது.

*

ஜூன் 16, இரவு 11.15

பெரியம்மா,

கேட்டுவிட்டேன்.

பள்ளி விட்டதும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அம்மா பின்னறையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மிஷின் சத்தத்தில் யார் பேசினாலும் வெளியே கேட்காது. அம்மாவும் வேலையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். அதுதான் எனக்கு வசதி.

"அம்மா, படம் ஓடுறப்ப ஆபரேட்டர் தூங்கிட்டா என்ன ஆகும்?"

"திரை வெள்ளையாப் போகும். ஜனங்க விசிலடிப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் முதலாளி வருவான். இதெல்லாம் எதுக்கு உனக்கு?"

"பாடத்துல வருது."

"எந்தப் பாடத்துல?"

அம்மா ஒரு லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை படம் நின்றுபோயிருந்ததாம். இன்னொரு தடவை நின்றால் பின்னறையைக் காலி பண்ண வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். இரண்டாவது ரீலில் தாத்தாவுக்கு வேர்த்தது. தரையில் உட்கார்ந்து, "கொஞ்சம் சாஞ்சுக்கறேன், நீ புள்ளியைப் பாரு" என்றார். அம்மாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார், ஆனால் அவள் தனியாகச் செய்ததில்லை. ஜன்னல் எட்டாது. எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். முதல் புள்ளிக்கு மோட்டார். ஏழு நொடி. இரண்டாவது புள்ளிக்கு மாற்றினாள். கீழே ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு விசில் இல்லை.

"'அப்பா, மாத்திட்டேன்'னு சொன்னேன். 'பாத்தேன்'னார்."

அடுத்த ரீலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி மாட்டினாள். மிஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியின் தீப்பொறி மணிக்கட்டில் பட்டது. அம்மாவின் மணிக்கட்டில் இருக்கும் அந்த மூன்று தழும்பும் எண்ணெய் தெறித்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறுபடியும் ஏறி நின்றாள். மறுபடியும் புள்ளி, மறுபடியும் மாற்றினாள்.

"'அப்பா, மாத்திட்டேன்'னு சொன்னேன். பதிலில்ல. தூங்கறார்னு நினைச்சேன்."

"கீழ ஓடிப் போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

மிஷினை நிறுத்திவிட்டாள். அறையே செவிடான மாதிரி இருந்தது.

"ஓடினா படம் நின்னுடும். அக்கா சாப்பாடு எடுத்துட்டு வருவா. எப்பவும் ரெண்டாவது ரீல்ல வந்துடுவா. இதோ வருவா, இதோ வருவான்னு ஒரு காது கதவுலயே இருந்துச்சு."

"அன்னைக்கு ஏன் பெரியம்மா லேட்டு?"

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அது அவ சொல்ல வேண்டியது. நான் சொன்னா கோள்," என்றாள். மறுபடியும் மிஷினைப் போட்டாள்.

பெரியம்மா, உங்கள் புத்தகத்தில் மூத்தவள் "எப்போதும்போல இடைவேளைக்கு" வருகிறாள்.

*

ஜூன் 20

கண்ணு,

ஆமாம். அதுவும் பிழைதான். நூற்றுப் பதினேழு பேரும் கண்டுபிடிக்காத பிழை. அது கைதவறி வந்ததில்லை.

எப்போதும் இரண்டாவது ரீலில் போய்விடுவேன். அன்றைக்கு வழியில் இருந்த வாடகைப் புத்தகக் கடையில் நின்றேன். ஒரு கதையில் கடைசி முப்பது பக்கம் பாக்கி இருந்தது. வாடகைக்கு எடுக்கக் காசில்லாததால் நின்றபடியே படிப்பது என் வழக்கம். சாப்பாட்டுத் தூக்கைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு படித்தேன். கடைக்காரர், "பாப்பா, சாப்பாடு ஆறிடும், போ" என்று இரண்டு தடவை சொன்னார். முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்தக் கதையில் என்ன நடந்தது என்று இன்றைக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை.

"அரை மணிக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த அரை மணி என்னுடையது. அதைத் தூக்கிப் பதினோரு வயதுப் பிள்ளை தலையில் வைத்தேன். அவள் கீழே இறக்கி வைக்கவே இல்லை. நான் தாமதமாக வந்ததை அவள் எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. புத்தகம் வந்த பிறகும் சொல்லவில்லை. கோள் ஆகிவிடுமாம்!

எண்ணெய் டின்மேல் நின்றுகொண்டு, இரண்டு மிஷினை ஒற்றை ஆளாக ஓட்டி, ஆயிரம் பேரை ஒரு நொடி இருட்டில் விடாமல் இடைவேளை வரை கொண்டுவந்திருக்கிறாள். நான் இத்தனை வருஷம் எழுதி அப்படி ஒரு காரியம் செய்யவில்லை. நேற்று வீட்டில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று பார்த்தேன். ஏழு எண்ணினேன்.

ஜூலை 3 அன்று இதை அப்படியே பக்கத்தில் ஏற்றப்போகிறேன். உன்னைப் பற்றி எதுவும் வராது. சம்மதமா?

*

ஜூன் 24, இரவு 11.50

பெரியம்மா,

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அம்மாவின் கடைக்காரர் உங்கள் வாசகர். உங்கள் தளத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "இந்தத் தப்பைப் பார்த்தீங்களா" என்று காட்டுகிறார். மறுநாளே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். புள்ளி, எண்ணெய் டின், இதையெல்லாம் அவள் சொன்னது என்னிடம் மட்டும். நான்தான் கோள் சொன்னேன் என்று ஆகிவிடும்.

நான்கு நாளாக அம்மா என்னோடு குறைவாகப் பேசுகிறாள். "சாப்பிடு." "விளக்கை அணை." எண்ணிப் பார்த்தேன், இன்று மொத்தம் பதினொரு வார்த்தை. ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவிடம் கேட்டால், "எனக்கு இன்னிக்கு ஆறுதான் கிடைச்சுது. நீ பரவாயில்ல" என்கிறார்.

போடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

*

ஜூன் 27

கண்ணு,

போடவில்லை.

சட்டம் நான் போட்டதுதானே, நானே மீறிக்கொள்கிறேன். நூற்றுப் பதினேழுக்கு அடுத்து நூற்றுப் பத்தொன்பது வரட்டும். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். "எண் விட்டுப்போனால் வாசகர்கள் சும்மா இருப்பாங்களா மேடம்? அதையே நூற்றி இருபதாவது பிழைன்னு எழுதுவாங்க" என்றாள். எழுதட்டும், திட்டட்டும்.

உன் அம்மா உன்னோடு பேசுவாள். என்னோடு பேசாததற்குக் காரணம் இருந்தது. உன்னோடு பேசாமல் இருக்க அவளுக்குக் காரணமே கிடையாது. பயப்படாதே. கொஞ்ச நாள் இங்கே வராதே. படிப்பைப் பார்.

*

ஜூலை 2, இரவு 10.30

பெரியம்மா,

ஐந்து நாள் வராமல் இருந்தேன். இன்று வந்து பக்கத்தை மேலிருந்து கீழ் வரை மறுபடியும் படித்தேன். நூற்றுப் பதினேழு வரை. பிறகு என் எண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் இருக்கிறது. செருப்புக்குக்கூட இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் இல்லை. அது என்னால்தான் இல்லை. அன்றைக்கு அம்மாவுக்குப் பதினோரு வயது. எனக்குப் பதினான்கு. அவள் டின்மேல் ஏறி நின்றிருக்கிறாள். நான் போர்வைக்குள் படுத்திருக்கிறேன்.

போடுங்கள். கடைக்காரர் காட்டுவதற்கு முன்னால் நானே அம்மாவிடம் காட்டிவிடுகிறேன். பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும்.

"அனுப்பு" என்பதைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறேன்.

*

ஜூலை 3

கண்ணு,

பக்கத்தில் ஏற்றியது இதுதான். உனக்கு முதலில் அனுப்புகிறேன்.

"சீட்டு எண் 118. கண்டுபிடித்தவர்: போர்வை. என் முதல் நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில், அப்பா விழுந்து கிடக்க இளைய மகள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் படம் பார்க்கவில்லை. அப்பா சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தாள். இரண்டு ரீலை அவள்தான் மாற்றினாள். அவளுக்கு ஜன்னல் எட்டாது. 'எப்போதும்போல இடைவேளைக்கு' மூத்தவள் வந்தாள் என்றும் எழுதியிருக்கிறேன். மூத்தவள் நாற்பது நிமிஷம் தாமதம். வழியில் நின்று கதை படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிழை எப்படி நடந்தது என்றால், நான் என் தங்கையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் ஒன்பதாம் அத்தியாயம் இருக்காது. அதை எழுத வேண்டியவள் நான் இல்லை."

பக்கத்தில் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கெஞ்சி வாங்கியது. என்னவென்று உனக்குச் சொல்லமாட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியும்.

*

ஜூலை 4, பகல் 4.10

பெரியம்மா,

இது பகல். கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். போர்வை மாடியில் காய்கிறது.

அம்மா இன்று அரைநாள் வேலை முடிந்து வந்ததும் கைபேசியை நீட்டினேன். "இதைப் படிம்மா. படிச்சுட்டு என்கூடப் பேசாம இருந்தாலும் சரி" என்றேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். மேலே இருந்த உங்கள் பெயரைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டாள்.

118 கீழே இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். நின்றுகொண்டே படித்தாள். செருப்பு வந்த இடத்தில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ், கிரேன்காரர், பல் டாக்டர், எல்லோரையும் படித்தாள். அறுபத்து நான்கில் கொஞ்சம் நின்றாள். அப்பா வந்தார், எங்களைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் டயரைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார்.

118க்கு வந்ததும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். படித்து முடித்தாள். மறுபடியும் படித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரம்பித்துச் சரியாகப் பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அப்போது அம்மாவின் விரல் எழுந்தது.

எட்டிப் பார்த்தேன். திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டப் புள்ளி. வந்தது, போனது. அம்மா மூச்சே விடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஐந்து, ஆறு, ஏழு. விரல் தட்டியது. புள்ளி வரவில்லை. எட்டு, ஒன்பது. அப்புறம்தான் வந்தது.

பெரியம்மா, என் அம்மா அழுது நான் இதுவரை பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே அழுததால் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

"இதுல எங்கடி எழுதறது?" என்றாள்.

பெட்டியைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். என்னைத் தொடவிடவில்லை. சீட்டு எண் 119 வந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். "ரெண்டு புள்ளிக்கும் நடுவில் ஏழு நொடிதான். நீ ஒன்பது வெச்சிருக்கே. இப்பவும் லேட்டு." பெயர் என்ற இடத்தில், "விரும்பினால்" என்பதை இரண்டு தடவை படித்துவிட்டு, "தங்கச்சி" என்று போட்டாள்.

அனுப்பியதும், "பதில் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"முப்பது நாளைக்குள்ளம்மா. அது பெரியம்மாவோட சட்டம்."

"முப்பது நாளா?" அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். உள்ளே இருந்து பாத்திரம் உருட்டும் சத்தத்தோடு குரல் வந்தது. "அதெல்லாம் முடியாது. நாளைக்கே கிளம்பி வரச் சொல்லு. வழியில எங்கயும் நிக்க வேணாம். சாப்பாடு ஆறிடும்னு சொல்லு."

சொல்லிவிட்டேன்.